ஒரே நிறத்தில் நீர்வண்ணம்: படம் எங்கே கெட்டது, எப்படிச் சரிசெய்வது

ஒரு டியூப் வண்ணம், தண்ணீர், தாள், பிரஷ். ஒற்றை நிற ஓவியத்துக்கு இவ்வளவுதான் வேண்டும். தப்பு நடந்தால் மறைக்க இடமில்லாததும் இதனால்தான். பல வண்ணப் படத்தில் ஒரு சிவப்போ மஞ்சளோ கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே வெளிச்சம், நிழல், ஓரம் மூன்றுமே படம். மூன்றையும் தீர்மானிப்பது தண்ணீர். கெட்டுப்போன ஒற்றை நிறப் படத்தைக் கையிலெடுத்து ஆராய்ந்தால், பெரும்பாலும் குற்றம் வண்ணத்தில் இருக்காது. கரைசலில் ஊற்றிய தண்ணீரின் அளவிலோ, தாள் காய்ந்த நேரத்திலோ இருக்கும்.

குமரி மாவட்டத்தில் வரைகிறவர்களுக்கு இந்தக் காயும் நேரம்தான் பெரிய தலைவலி. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் பலகையை வெளியே வைத்து வரைந்தால், வாஷ், அதாவது தண்ணீர் கலந்த வண்ணத்தைப் பரவலாக இழுக்கும் மெல்லிய பூச்சு, பாதித் தாள் இறங்குவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன? ஐப்பசி மழையில் குளச்சலில் அதே வாஷ் ஒரு மணி நேரம் கழிந்தும் தொட்டால் ஜில்லென்று இருக்கும். "பத்து நிமிடம் காயவிடுங்கள்" என்று வெளியூர் வீடியோ சொல்வது இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. அதனால் கீழே கடிகாரத்தை நம்பாமல், தாளைப் பார்த்தும் தொட்டும் அறியும் அடையாளங்களைச் சொல்கிறோம்.

எதையும் திருத்தும் முன்

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்ட் பிரஸ்ஸாக, அதாவது லேசான சொரசொரப்புள்ளதாக இருக்கட்டும். பயிற்சிக்கு 200 ஜிஎஸ்எம் போதும். பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் வாஷ் பழகினால், தாள் செய்யும் தப்பையெல்லாம் உங்கள் கை செய்த தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

வண்ணத்துக்கு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு அல்லது லேம்ப் பிளாக் என்ற கறுப்பில் தொடங்குங்கள். நன்றாகக் கறுக்கக்கூடிய நிறம்தான் ஒற்றை நிறத்துக்கு ஆகும். எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளை எவ்வளவு கெட்டியாக அப்பினாலும் அது நடுத்தர அடர்த்தியைத் தாண்டாது. அதில் வரைந்த படத்தில் இருட்டே இருக்காது, இருட்டு இல்லாவிட்டால் வெளிச்சமும் தெரியாது.

பிரஷ் இரண்டு போதும்: 12ஆம் எண் ரவுண்டு ஒன்று, 6ஆம் எண் ஒன்று. தண்ணீருக்கு இரண்டு பாத்திரம், ஒன்று கழுவ, ஒன்று கலக்க. ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டால் உங்கள் வெளிச்சமெல்லாம் அரைமணி நேரத்தில் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும்.

ஈரத்தின் ஐந்து நிலைகளையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் அடிக்கடி இவற்றைக் குறிப்பிடுவோம். முதல் நிலை குளம்: தண்ணீர் தாள்மேல் தேங்கி அசைகிறது. இரண்டாவது பளபளப்பு: தேக்கம் இல்லை, ஆனால் பலகையைச் சாய்த்துப் பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் மின்னுகிறது. மூன்றாவது மங்கல்: மினுக்கம் போய்விட்டது, நிறம் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. நான்காவது குளிர்ச்சி: கண்ணுக்குக் காய்ந்ததுபோல் இருக்கும், புறங்கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும். ஐந்தாவது காய்ந்தது: புறங்கைக்கு அறையின் சூடுதான் தெரியும். நம்மூர் மழைக்காலத்தில் ஆளை ஏமாற்றுவது நான்காவது நிலை. வரைந்த இடத்தையும் வரையாத ஓரத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும்.

"எவ்வளவு வரைஞ்சாலும் படம் ஒரே சாம்பலா கெடக்கு"

மிகப் பரவலான குறை இதுதான். படம் தப்பாக இருக்காது, ஆனால் உயிரும் இருக்காது. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே திட்டாகத் தெரிந்தால், அடர்த்தி முழுவதும் நடுவில் குவிந்துவிட்டது என்று பொருள்.

காரணம் இரண்டு. வெள்ளைத் தாளில் முதலில் எதைப் பூசினாலும் அது பயங்கர இருட்டாகத் தெரியும். கை பயந்து தண்ணீரைக் கூட்டும். அடுத்தது, நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். ஈரத்தில் சரியாக இருந்த நிழல் காய்ந்தபின் ஏறக்குறைய ஒரு படி இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தால், நிழல் என்று நினைத்துப் பூசியது எல்லாம் அரைநிழலாகவே முடியும்.

திருத்தம் ஐந்து கட்டப் பட்டையில் தொடங்குகிறது. மூன்று சிறிய கிண்ணம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மிளகு அளவு வண்ணம் பிதுக்குங்கள். மருந்து விடும் சொட்டுக் குழாயால் முதல் கிண்ணத்தில் 5 சொட்டு, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 45 சொட்டு தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் கரையுங்கள். தண்ணீரைச் சமமாகக் கூட்டாமல் மும்மடங்காகக் கூட்டுவதற்குக் காரணம் உண்டு. கண் அடர்த்தியை விகிதத்தில்தான் உணர்கிறது. 5, 10, 15 என்று போனால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த மூன்று கட்டத்தோடு ஒரு பக்கம் வெறும் தாள், மறுபக்கம் பிரஷ் ஈரத்தில் மட்டும் குழைத்த கெட்டி வண்ணம். மொத்தம் ஐந்து. டியூபுக்கு டியூப் அழுத்தம் மாறும், அதனால் சொட்டுக் கணக்கை உங்கள் வண்ணத்துக்கு ஏற்றபடி திருத்தி, பட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள். பட்டை காய்ந்தபின்தான் தீர்ப்பு.

பட்டை கைவந்தபின் ஒரு கோழிமுட்டையை வரையுங்கள். வெள்ளை லெகான் முட்டை நல்லது. வெள்ளைத் தாள்மேல் வைத்து, ஒரே ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அமையுங்கள், மேலே எரியும் விளக்கை அணையுங்கள். இப்போது நிழல் பக்கத்தை உற்றுப் பாருங்கள். முட்டையின் மிக இருண்ட இடம் அதன் விளிம்பில் இருக்காது. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வளைந்த பட்டையாக இருக்கும். விளிம்பு அதைவிட வெளிறியிருக்கும், ஏனென்றால் கீழே விரித்த வெள்ளைத் தாள் வெளிச்சத்தை முட்டையின் அடிவயிற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. தரையில் விழும் நிழலோ முட்டை தாளைத் தொடும் இடத்தில் கரியாக இருந்து, விலக விலக இளகி ஓரம் கரைந்துபோகும். விளிம்புவரை கறுப்பை இழுத்துப் பூசினால் முட்டை தட்டையான தகடாகிவிடும். அந்த ஒரு நூல் அளவு வெளிச்சத்தை விட்டால் உருண்டு நிற்கும். இதை நாலு முறை வரைந்தவருக்கு தேங்காய், பானை, மனித முகம் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான்.

பெரிய படத்தில் இறங்கும்போது, தாளின் ஓரத்தில் டேப் ஒட்டும் இடத்துக்கு அருகே முதலிலேயே ஒரு நகம் அளவுக்கு உங்கள் கடைசிக் கறுப்பைப் பூசி வையுங்கள். அது கண்ணில் படும்வரை மற்ற நிழல்களைத் துணிந்து அடர்த்தியாகப் போடுவீர்கள்.

வாஷில் குறுக்குக் கோடுகள்

வானம் பூசினால் படி படியாகக் கோடு விழுகிறதா? கரைசல் போதவில்லை, அல்லது பலகை தட்டையாகக் கிடக்கிறது. ஏ4 தாளில் பாதி வானத்துக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி, முன்கூட்டியே கரைத்து வையுங்கள். மிஞ்சினால் மிஞ்சட்டும். நடுவில் நிறுத்தி மறுபடி கலக்கினால் அடர்த்தியும் ஒத்துவராது, அதற்குள் ஓரமும் காய்ந்திருக்கும். பலகையின் தலைப்பக்கத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் கரைசல் மணிமாலைபோல் திரண்டு நிற்க வேண்டும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டுக் கீழே கொண்டுவரும். கடைசியில் தேங்கியதைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகவே போகாதீர்கள்.

காற்று வீசும் இடத்தில் இதெல்லாம் சரியாகச் செய்தாலும் கோடு விழும். அப்போது வெறும் தண்ணீரால் முழு இடத்தையும் முதலில் நனைத்து, பளபளப்பு நிலைக்கு வந்ததும் வண்ணத்தை விடுங்கள். ஆனி, ஆடியில் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் வெளியே உட்கார்ந்தால் வேறு வழியில்லை. காருக்குப் பின்னாலோ சுவர் மறைவிலோ இடம்பிடிப்பது இன்னும் நல்லது.

வாஷ் நடுவே காலிஃபிளவர் மாதிரி பூ விழுகிறது

அழகாக இறங்கிய வாஷின் நடுவில், சுருள் சுருளான ஓரத்தோடு ஒரு வெளிறிய திட்டு. காய்ந்துகொண்டிருக்கும் தாளில் அதைவிட அதிக ஈரம் வந்து விழுந்தால் இப்படித்தான் ஆகும். புதிய தண்ணீர் பரவும்போது, படிந்துகொண்டிருந்த நிறத் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடுகிறது.

விதி ஒன்றுதான்: தாளில் இருக்கும் ஈரத்தைவிட பிரஷ்ஷில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். குளம் நிலையில் எதை விட்டாலும் கலந்துவிடும். பளபளப்பு நிலையில் கெட்டியான வண்ணத்தை மட்டும் விடலாம், மேகத்தின் அடிநிழலுக்கு அதுவே சரியான தருணம். மங்கல் நிலை வந்துவிட்டதா? கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பூக்களில் பெரும்பாலானவை இந்த நிலையில் "ஒரு சின்னத் திருத்தம்" செய்யப் போய் விழுந்தவை.

பிரஷ்ஷை தண்ணீரில் நனைத்து நேரே தாளுக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இடது கையில் ஒரு மடித்த பழைய பருத்தித் துணி. பழைய வேட்டித் துண்டு மிக நன்றாக உறிஞ்சும். நனைத்ததும் பிரஷ்ஷின் அடிப்பகுதியை, தகரம் முடியும் இடத்தை, துணியில் ஒரு முறை அழுத்துங்கள். நுனியைத் துடைப்பதில் பயனில்லை, தண்ணீர் அடிவயிற்றில்தான் இருக்கிறது. சற்று நேரம் கழித்து இறங்கி வந்து பூ விடும்.

ஓரத்தில் மட்டும் பூ விழுந்தால் காரணம் வேறு: டேப் ஓரத்தில் தேங்கிய தண்ணீர் உள்ளே திரும்பி ஓடியிருக்கிறது. வாஷ் முடித்ததும் நாலு ஓரத்தையும் துணி முனையால் ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையர் பயன்படுத்துகிறவர்கள் குளம், பளபளப்பு இரண்டும் போனபின், ஒரு அடி தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். முன்னதாகக் காட்டினால் காற்று தண்ணீரைத் தள்ளி அதுவே பூ விடும்.

விழுந்த பூவை என்ன செய்வது? முழுதாகக் காயவிடுங்கள். பிறகு அதன் சுருள் ஓரத்தை மட்டும் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் தடவி, டிஷ்யூவால் ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். முழுதாகப் போகாது, ஆனால் ஓரத்தின் கூர்மை போனால் கண் அதைப் பிடிக்காது.

இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளப்பிவிடுகிறது

மேலே நிழல் வைத்தால் அடியில் இருந்தது கரைந்து சேறாகிறதா? பத்து முறையில் பாதிக்கு மேல், முதல் பூச்சு நான்காவது நிலையில், அதாவது குளிர்ச்சியில் இருந்திருக்கும். புறங்கைச் சோதனை செய்யாமல் இரண்டாம் பூச்சைத் தொடாதீர்கள். மழை நாளில் மின்விசிறிக்குக் கீழே பலகையைப் படுக்கவைத்து, அந்த நேரத்தில் இன்னொரு படத்தில் வேலை செய்வது நல்ல வழக்கம். ஒரே படத்தோடு உட்கார்ந்திருந்தால் பொறுமை நிற்காது.

காய்ந்திருந்தும் கிளம்பினால், ஒரே இடத்தில் பலமுறை பிரஷ் ஓடியிருக்கிறது. நிழலுக்கு ஒரு இழுப்பு, மிஞ்சினால் இரண்டு. நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு: பர்ன்ட் அம்பர் தாளில் மேலோட்டமாக உட்காரும், எளிதில் கிளம்பும். புருஷியன் புளூ தாளின் நாருக்குள் ஏறிவிடும், லேசில் கிளம்பாது. அடுக்கடுக்காகப் பூசி வரைகிறவருக்குப் பின்னது நல்லது. தப்பைத் துடைத்துத் துடைத்துக் கற்கிற தொடக்கக்காரருக்கு அம்பர்தான் தோழன்.

ஒரே டியூப்தான், ஆனால் இரண்டு நிறம் தெரிகிறது

சாம்பல் வாஷின் ஓரத்தில் நீலம் கசிகிறது. கறுப்புக்குப் பக்கத்தில் பழுப்பு வளையம். கண் கோளாறு இல்லை இது. பெய்ன்ஸ் கிரே, இண்டிகோ, செபியா என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று நிறத்துகள்களைக் கலந்து செய்தவை. ஈரத் தாளில் லேசான துகள் முன்னே ஓடும், கனமானது பின்தங்கும், நிறம் பிரியும். இண்டிகோ என்று எழுதியிருப்பதால் அது அவுரிச் செடியிலிருந்து வந்த நீலம் என்று நினைக்க வேண்டாம். இன்றைய டியூப்களில் பெரும்பாலும் அந்தப் பெயர் நிறச் சாயலுக்கு மட்டும்தான்.

சோதிக்க, டிஷ்யூ தாளில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டுப் பரவும் வளையத்தைப் பாருங்கள். டியூபின் பின்புறச் சிற்றெழுத்தில் உள்ள நிறத்துகள் குறியீட்டையும் படியுங்கள். பி.பி.ஆர். 7 என்று ஒன்று மட்டும் இருந்தால் அது அம்பர் போன்ற மண் நிறம், பி.பி.கே. 6 லேம்ப் பிளாக், பி.பி.கே. 9 ஐவரி பிளாக். இரண்டு மூன்று குறியீடு வரிசையாக இருந்தால் கலவை. கலவையே பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கடல் படத்துக்கு அந்தப் பிரிதல் அழகாகக்கூட இருக்கும். ஆனால் அடர்த்தி பழகும் காலத்தில் அது கவனத்தைக் கெடுக்கும்.

மணல் தூவினதுபோல் துகள் திரண்டு நிற்கிறது

அல்ட்ராமரைன் நீலத்துக்கு இது பிறவிக் குணம், குறையில்லை. லேம்ப் பிளாக் இப்படித் திரண்டால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கடலோரக் கிணறுகளிலும் சில போர்வெல்களிலும் உப்பும் சுண்ணச் சத்தும் கூடுதல். அவை கரைசலில் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். உப்பு தாளிலேயே தங்கிக் காற்றின் ஈரத்தை இழுக்கும், படம் காயவும் தாமதமாகும். எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளை வளையம் அழுத்தமாக நின்றால் அந்தத் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். கலக்குவதற்குக் குடிக்கிற கேன் தண்ணீரோ, கூரை ஓடுகளை நன்றாகக் கழுவியபின் பிடித்த மழைத் தண்ணீரோ எடுங்கள். கொதிக்கவைத்து ஆறவைத்தால் சுண்ணம் ஓரளவு இறங்கும், உப்பு போகாது.

தாள் வண்ணத்தைக் குடித்துவிடுகிறது, கரும்புள்ளி விழுகிறது

தூரிகை பட்ட இடத்திலேயே வண்ணம் ஒட்டுத்தாளில் மை ஊறுவதுபோல் இறங்கிவிடும். அங்கங்கே கரும்புள்ளி. தண்ணீர் உடனே ஊறாமல் தடுக்க தாளில் உள்ள பசைக்காப்பு செத்துப்போயிருக்கிறது. ஈரமான அலமாரியில் பல மாதம் கிடந்த தாளுக்கு இது நேரும். நம் ஊரில் பிரித்த பேக்கை அப்படியே வைத்தால் ஒரு மழைக்காலம் போதும்.

ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல தாளில் அது மணியாக நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் ஊறிப்போனால் காப்பு இல்லை. அந்தத் தாளைக் குப்பையில் போட வேண்டாம். சுவை சேர்க்காத ஜெலட்டின் 5 கிராம், 250 மில்லி தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், கொதிக்கவிடாதீர்கள். வெதுவெதுப்பாக அகலப் பிரஷ்ஷால் ஒரு முறை பூசி, கொடியில் கிளிப் போட்டு வெயில் படாமல் காயவையுங்கள். அடுத்த நாள் மறுபடி சொட்டுச் சோதனை. இவ்வளவு மெனக்கெட முடியாவிட்டால் அந்தத் தாளைக் கரித்துண்டுக்கு ஒதுக்குங்கள்.

தாள் அலை அலையாக எழும்புகிறது

மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தும் எழும்புகிறது என்பார்கள். மாஸ்கிங் டேப் ஓரத்தைச் சுத்தமாக வைக்கத்தான், ஈரத் தாளை இழுத்துப் பிடிக்க அதற்குத் தெம்பு இல்லை. தாளைச் சுத்தத் தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்து, பிளைவுட் பலகையில் விரித்து, தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித கம் டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிப் படுக்கைவாக்கில் ஒரு இரவு விடுங்கள். நிறுத்திவைத்தால் கீழ்ப்பக்கம் ஈரம் இறங்கி டேப் கழன்றுவிடும். முடிந்த படம் அலையாக இருந்தால் பின்பக்கம் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாக ஈரமாக்கி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு வையுங்கள்.

ஆழம் வரவில்லை: தூரமும் பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது

வண்ணப் படத்தில் தூர மலைக்கு நீலம் பூசித் தப்பித்துவிடலாம். ஒற்றை நிறத்தில் அடர்த்தியும் ஓரமும்தான் தூரத்தைக் காட்டும். தூரம் போகப் போக இருட்டு வெளிறும், வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான இடைவெளி சுருங்கும், ஓரம் மழுங்கும். மூன்றில் ஒன்றை விட்டாலும் மலை முன்னால் வந்து நின்றுவிடும்.

பழகுவதற்கு மாத்தூர் தொட்டிப்பாலத்தைவிட நல்ல பாடம் இந்த மாவட்டத்தில் இல்லை. பறளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் வரிசையாகத் தூண்கள், எல்லாம் ஒரே உருவம். வேறுபடுவது தூரம் மட்டுமே. ஆகவே உருவத்தைப் பற்றி யோசிக்காமல் அடர்த்தியை மட்டும் அளக்கலாம். முதல் தூணின் நிழல் பக்கத்துக்கு 5 சொட்டுக் கரைசல், நாலைந்து தூண் தள்ளி 15, அதற்கப்பால் எல்லாம் 45. முதல் தூணில் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் நடுவே வெட்டினதுபோல் கோடு வைக்கலாம். கடைசித் தூண்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட வேண்டும். பின்னாலுள்ள மரக்கூட்டத்தை இலை இலையாக வரையத் தோன்றும், வரையாதீர்கள். ஒரே வாஷில், ஓரத்தைத் தண்ணீரால் இளக்கி விட்டுவிடுங்கள்.

கன்னியாகுமரிக் கரையிலிருந்து விடியலை வரைகிறவர்களுக்குக் குறை நேர் எதிர்: எல்லாவற்றையும் கறுப்பில் முக்கிவிடுகிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் பாறையும் திருவள்ளுவர் சிலையும் இருட்டுத்தான். ஆனால் அவற்றுக்கும் கரைக்கும் நடுவே கடல்காற்றும் நீர்த்திவலையும் இருக்கின்றன. கடைசிக் கறுப்பைக் கரையோரப் பாறைக்கும் படகுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிலைக்கு ஒரு படி குறைத்து, 15 சொட்டுக் கரைசலில் இரண்டு பூச்சு. உருவ அளவில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது, பீடத்தைக் குட்டையாக்கிவிடுகிறார்கள். 133 அடியில் பீடம் 38, சிலை 95. கணக்கு நேராக 2க்கு 5. தாளில் மொத்தம் 7 சென்டிமீட்டர் என்றால் பீடத்துக்கு 2 போய்விடும். பென்சிலால் ஏழு புள்ளி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

உள் அறை இருட்டு வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையைப் பார்த்தால் முழுக்கக் கறுப்பைப் பூசத்தான் கை போகும். நின்று பாருங்கள்: அந்தக் கறுப்பில் ஜன்னல் வெளிச்சம் நீளமாகக் கீழே இறங்கி, தூணின் பிம்பம் தலைகீழாக நிற்கும். தரையின் பெரும்பகுதி உண்மையில் நடு அடர்த்திதான். முதலில் 45 சொட்டு வாஷ், காய்ந்தபின் வெளிச்சப் பட்டைகளை விட்டுவிட்டு 15, கடைசியில் தூணின் அடியில் மட்டும் கெட்டி வண்ணம். வெளிச்சப் பட்டையின் பக்க ஓரங்கள் இளகியிருக்க வேண்டும். அவை கூர்மையாக இருந்தால் தரை மின்னாது, வெள்ளைக் கோடு போட்டதுபோல் இருக்கும்.

வெள்ளை தொலைந்துவிட்டது

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தொடாத தாள். தொட்டுவிட்டால் மீட்பதற்கு மூன்று வழி. காய்ந்த இடத்தைச் சுத்தத் தண்ணீரால் நனைத்துப் பத்து எண்ணி டிஷ்யூவால் அழுத்தி எடுப்பது, அலைநுரைக்கு ஏற்றது. புது பிளேடின் நுனியால் சுரண்டுவது, தண்ணீரில் மின்னும் புள்ளிகளுக்கு. அதைக் கடைசி வேலையாகச் செய்யுங்கள், சுரண்டிய இடத்தில் மறுபடி வண்ணம் பட்டால் கரும்புள்ளியாகும். மூன்றாவது ஒரு துளி வெள்ளை போஸ்டர் கலர், மீனவர் படகின் கயிறுபோன்ற ஒற்றைக் கோட்டுக்கு மட்டும்.

முன்கூட்டியே காக்க மாஸ்கிங் திரவம் உண்டு. அது அடிப்படையில் அம்மோனியா சேர்த்த ரப்பர் பால். ரப்பர் தோட்டம் பக்கத்தில் இருப்பதால் சிரட்டையில் வடிந்த பாலையே தடவிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். அது சீக்கிரம் திரைந்து கட்டியாகும், தாளின் நாருக்குள் இறங்கிப் பிடிக்கும், உரிக்கும்போது தாளோடு வரும். கடையில் வாங்கிய திரவத்தையும் பிரஷ்ஷைச் சோப்பில் தோய்த்துவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் முடியெல்லாம் ஒட்டி பிரஷ் போய்விடும். முழுதாகக் காய்ந்த தாளில் பூசி, படம் காய்ந்த அன்றே உரித்துவிடுங்கள். வெயிலிலும் ஹேர் டிரையர் சூட்டிலும் அது தாளோடு இறுகிவிடும்.

கறுப்பு பளபளக்கிறது அல்லது வெடிக்கிறது

டியூபிலிருந்து நேரே அப்பினால் அதிலுள்ள பசை மேலே வந்து மினுங்கும், கெட்டியாக இருந்தால் வெடிக்கும். ஒரே பூச்சில் கறுப்பை அடைய நினைக்காதீர்கள். 5 சொட்டுக் கரைசலில் இரண்டு பூச்சு, நடுவில் முழுதாகக் காயவிட்டு. அதற்கும் மேல் வேண்டியிருந்தால் மூன்றாவது.

போஸ்டர் கலரில் வெள்ளை சேர்த்து வரைகிறவர்களுக்கு

வெள்ளை சேர்ந்ததும் பழுப்பு நிறம் குளிர்ந்து சுண்ணாம்புபோல் ஆவது இயல்பு. முழுப் படத்திலும் ஒரே வெள்ளையைப் பயன்படுத்தினால் உறுத்தாது. சில இடத்தில் தண்ணீராலும் சில இடத்தில் வெள்ளையாலும் வெளிற வைத்தால்தான் திட்டுத் திட்டாகத் தெரியும். இதில் காயும்போது இளம் அடர்த்திகள் சற்றுக் கறுக்கும், இருட்டுகள் சற்று வெளுக்கும். ஆகவே ஒட்டுத் துண்டில் பூசிக் காயவிட்டுப் பார்த்தபின்தான் படத்தில் வையுங்கள்.

முடிந்த படத்தில் பழுப்புப் புள்ளி, பூசணம்

படம் கண்ணுக்குக் காய்ந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டதால் வருவது. குளிர்ச்சி நிலையில் அடைத்த ஈரம் உள்ளேயே சுற்றும். முடிந்த படத்தை இரண்டு நாள் காற்றாட விடுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கைவாக்கில் வையுங்கள். பயன்படுத்தாத தாளுக்கும் இதே பெட்டி. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது ஈரம் குடித்து நிறைந்தது என்று தெரியும், மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழை அடிக்கும் மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். வேறு சுவர் இல்லையென்றால், சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தக்கை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக இடம்விட்டு மாட்டுங்கள்.